ஒரே தரம்

இந்தக் கட்டடத்தை இங்கே ‘கூவல்’ என்பார்கள்.
பிரான்ஸின் மேற்கு ஓரம்.
படகிலிருந்து இறங்கும் மீனுக்குக்
கூவித்தான் விலை வைத்தார்கள், அதனால்.
போன செப்டம்பரில் கூவுவதை நிறுத்தினார்கள்.
பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

கூல்வென் கூவிய நாட்களில்
நான் அவன் கண்ணில் பட்டதில்லை.
ஐந்தடி உயரம், பெண்,
போதாததற்குப் பக்கத்துத் துறையிலிருந்து வந்தவள்.
தெனியெல் மூக்கைச் சொறிந்தால்
விலை இருபது சென்ட் ஏறும்.
கெர்வெல்லா புருவம் தூக்கினால்
நாக்குமீன் நாற்பது பெட்டி அவன் வண்டிக்கு.
நான் கையை முழுதாய்த் தூக்கி
ஐந்து விரலும் விரித்து நின்றாலும்
‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று
என் தலைக்கு மேலாகவே போகும் அவன் பார்வை.
மூணாம் தரம் வேறு யாராவது.

எனக்கு மிஞ்சியது
செவுள் வெளுத்த கொடுவா,
கால் உடைந்த சிங்கி இறால்,
யாரும் கேட்காத கணவாய்.
அதையும் விற்றேன், மூன்று வருடம்.

எல்லாருக்கும் தெரிந்து யாரும் சொல்லாத ஒன்று:
விடிகாலை நாலு மணிக்கே
எதிர்த்த காப்பிக் கடையில்
யாருக்கு எது, என்ன விலைக்கு என்று
பேசி முடித்துவிடுவார்கள்.
உள்ளே நடந்தது ஏலம் இல்லை,
எழுதியதை வாசித்துக் காட்டல்.
படகுக்காரர்களும் பேசாமல் இருந்தார்கள்.
டீசலுக்குக் கடன் கொடுத்தவனே
மீனுக்கு விலை சொல்பவன்.

பிறகு சுவரில் அந்த வட்டம் வந்தது.
சுற்றிலும் நூறு விளக்கு.
விலை உச்சியில் தொடங்கி இறங்கும்,
முதலில் பொத்தானை அழுத்தியவருக்கு மீன்.
பொறுத்தால் மலிவு.
பொறுத்தால் பறிபோகும்.
ஒரு தரம் கிடையாது, ரெண்டு தரம் கிடையாது,
எடுத்தவுடன் மூணு.

முதல் நாள்
பழக்கத்தில் கெர்வெல்லா புருவம் தூக்கினான்.
விளக்கு இறங்கிக்கொண்டே இருந்தது.
தெனியெல் மூக்கு சிவக்கச் சொறிந்தான்.
அதற்கு மூக்கு தெரியவில்லை.
நான் கோட்டுப் பைக்குள் வைத்தே அழுத்தினேன்.
பதினாலு யூரோ முப்பது.
இரண்டு யூரோ அதிகம்தான்,
பயத்தில் அழுத்தியது.
திரையில்: வாங்கியவர் 27.

கூடமே திரும்பி
இருபத்தேழு யார் என்று தேடியது.
நானும் கொஞ்சம் தேடினேன், சும்மா.

அஸெனோர் கொஃப் என்ற என் பெயரை
அந்தக் கூடத்தில் எவரும் சொன்னதில்லை.
இன்றும் சொல்வதில்லை.
ஆனால் இருபத்தேழுக்கு இப்போது வழிவிடுகிறார்கள்.
ஒரு படகுக்காரன் கையைக் குலுக்கி
‘உன்னால் என் இஞ்சின் மாறியது’ என்றான்.
உள்ளங்கையில் செதில் ஒட்டிக்கொண்டது.

ஜனவரியில் கம்பி வழியாக
நானூறுகள் வந்தார்கள்.
முந்நூறு மைல், அறுநூறு மைல் தள்ளி
எங்கோ சூடான அறையில் இருப்பவர்கள்.
செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை,
கண் பளபளப்பைப் பார்ப்பதில்லை.
என் கட்டைவிரல் கீழே போகும்போதே
விளக்கு நின்றுவிடுகிறது.
வாங்கியவர் 412.
வாங்கியவர் 412.
வாங்கியவர் 412.
அது ஆளா, ஆள் எழுதிவைத்த கணக்கா
என்று ஒருநாள் கூல்வெனைக் கேட்டேன்.
கண்ணாடி அறையில் பெட்டி எடை தட்டுகிறான் இப்போது.
தெரியாது என்று தலையாட்டினான்.
அப்போது என்னைப் பார்த்தான்.
முதல் தரம்.

நேற்று, மூன்றே முக்கால் மணி, மழை.
கெர்வெல்லா வாசலில் நின்று கூப்பிட்டான்:
‘உள்ளே வாயேன்,
ஒரு காப்பி குடித்துவிட்டுப் போகலாம்.’

போனேன்.
தெனியெல் நாற்காலி இழுத்துப் போட்டான்.
பழைய மேசை, பழைய பென்சில்,
வெறும் காகிதம்.
நாக்குமீன் எனக்கு, திருக்கை உனக்கு
என்று யாரோ தொடங்கினார்கள்.
பாதியிலேயே நிறுத்தினார்கள்.
கொடுப்பதற்கு அவர்களிடம் மீன் இல்லை.
மூன்று வருடமாய் நான் வெளியே நின்ற கதவு
இவ்வளவு லேசானதா என்று பார்த்தேன்.

நாலு பத்துக்கு எழுந்தேன்.
கெர்வெல்லா பணப்பையை எடுத்தான்.
என் காப்பிக்கு நானே காசு வைத்தேன்.